இதயம் இயந்திரமன்று
(திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை ஆலய மண்டபத்தில் நிகழ்ந்த உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆலயங்களில் இன்று இருவகை மேளம் ஒலிக்கக் கேட்கலாம். ஒன்று, தவில் வித்துவான் வாசிப்பது. மற்றொன்று, மின்விசையைத் தட்டியவுடன் மணியும் முரசும் தாமே முழங்கும் இயந்திரம். இயந்திரத்தின் அடிகளுக்கு இடையிலுள்ள கால அளவு என்றும் ஒன்றே. திரை விலகினாலும், தீபம் உயர்ந்தாலும், கூட்டம் கலைந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. தவில் வித்துவானின் கண்ணோ கருவறையை நோக்கியபடி இருக்கும். காலப்பிரமாணம் கெடாமல், தீபாராதனை நெருங்கும்போது நடை விரையும். திருநீறு வழங்கும் வேளையில் தணியும். நடப்பதை அறிந்து அதற்கு இசைந்து வாசிப்பதால்தான் அவ்வாசிப்பில் உயிர் இருக்கிறது.

மனித இதயம் இவ்விரண்டனுள் எதனைப் போன்றது? கடிகாரம் போல ஒரே அளவில் துடிப்பதே நல்ல இதயம் என்று பலர் எண்ணுகின்றனர். மருத்துவ அறிவியல் கண்ட உண்மை வேறு. நலமுள்ள இதயம் தவில் வித்துவானைப் போன்றது. அது இயந்திரத்தைப் போல ஆகிவிடுவது நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். இந்த உண்மையை அறிந்துகொள்வது நீரிழிவு உடையோருக்கு உயிர்காக்கும் உதவியாகவும் அமையலாம்.

இடைவெளியில் உள்ள செய்தி

ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கிறார். அவருடைய நாடி நிமிடத்திற்கு 60 முறை துடிக்கிறது. கணக்குப்படி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒரு விநாடி, அதாவது 1,000 மில்லிவிநாடி இருத்தல் வேண்டும். ஆனால் இ.சி.ஜி. கருவி கொண்டு அளந்தால் ஓர் இடைவெளி 950 ஆகவும், அடுத்தது 1,010 ஆகவும், அதற்கடுத்தது 1,060 ஆகவும், பின்னொன்று 980 ஆகவும் இருக்கக் காணலாம். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்புகள் நெருங்குகின்றன, வெளிவிடும்போது விலகுகின்றன. இவ்வாறு இடைவெளிகள் கூடியும் குறைந்தும் வருவதையே ‘இதயத் துடிப்பு மாறுபாடு’ என்று மருத்துவர் வழங்குவர்.

இது புதிதாகக் கண்டதன்று. இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் சமயகுரு 1733-இல் வெளியிட்ட நூலில், குதிரையின் இரத்த அழுத்தத்தை அளந்த தம் சோதனைகளை விவரித்தார். மூச்சோடு சேர்ந்து நாடியும் அழுத்தமும் மாறுவதை அவர் குறித்தார். 1847-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக், தாம் அமைத்த பதிவுக் கருவியால் அம்மாற்றத்தை வரைபடமாகவே காட்டினார்.

தமிழர் மரபிலும் சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என நாடியின் நடையை ஆராய்ந்தனர். அவர்கள் நாடியதும் இன்றைய கருவி அளப்பதும் ஒன்றே எனத் துணிந்து கூறுதல் பொருந்தாது. ஆயினும் நாடியை எண்ணுவதோடு நில்லாமல் அதன் நடையையும் நோக்க வேண்டும் என்னும் கருத்து இம்மண்டபத்திலுள்ள பெரியோர்களுக்குப் பழகியதே.

வடமும் முட்டுக்கட்டையும்

இம்மாறுபாடு எங்கிருந்து வருகிறது? தேரோட்டத்தை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். வடம் பிடித்து இழுப்போர் தேரை முன்னே செலுத்துகின்றனர். சக்கரத்தின் அருகிலேயே நடந்து வருவோர் முட்டுக்கட்டை இட்டு அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றனர். இரு சாராரும் விழிப்போடிருந்தால்தான் தேர் வீதியில் திரும்பி நிலையை அடையும்.

இதயத்திலும் அவ்வாறே. இதயத்தின் வலப்பக்க மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு திசுமுடிச்சு ஒன்று உண்டு. 1907-இல் கீத், பிளாக் என்னும் இரு பிரித்தானியர் இதனைக் கண்டறிந்தனர். நரம்புகளின் கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிப்பை எழுப்பும். பரிவு நரம்புகள் வடம் பிடிப்போரைப் போல இவ்வேகத்தைக் கூட்டுகின்றன. மூளையின் அடியிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு முட்டுக்கட்டை போல அதனைத் தணிக்கிறது. இந்நரம்பைத் தூண்டினால் இதயம் மெல்லத் துடிக்கும் என்பதை 1845-இல் வெபர் சகோதரர்கள் காட்டினர். 1921-இல் ஆட்டோ லோவி என்னும் அறிஞர், கனவில் தோன்றிய சோதனையொன்றை விழித்தெழுந்து தவளையின் இதயத்தில் செய்துபார்த்தார். வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தைத் தணிக்கிறது என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. 1936-இல் ஹென்றி டேல் என்பவரோடு நோபல் பரிசையும் அவர் பகிர்ந்துகொண்டார்.

வேகஸ் நரம்பின் ஆணை மிக விரைவாகச் செயற்படும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலேயே அதன் விளைவு தெரிந்துவிடும். ஆகவே, மூச்சுக்கு மூச்சு இடைவெளி மாறுகிறதென்றால் அந்நரம்பு விழித்திருக்கிறது என்பது பொருள். மாற்று இதயம் பொருத்தப்பெற்றவர்கள் இதற்குச் சான்றாவர். அறுவையின்போது நரம்பு இணைப்புகள் அறுபடுவதால், தொடக்கத்தில் அவ்விதயம் ஓய்விலும் நிமிடத்திற்கு 90 முதல் 110 வரை, ஏறக்குறைய மாறாத இடைவெளியுடன் துடிக்கும்.

மருத்துவம் கற்ற பாடம்

பிரசவ அறையில் தாயின் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைத் தாளில் வரைவதைத் தாய்மார்கள் பலர் கண்டிருப்பர். அக்கோட்டின் மேடுபள்ளத்தை மருத்துவர் கூர்ந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. கருவிலுள்ள குழந்தைக்கு இடர் நேரும்போது, துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்னரே துடிப்புகளின் இடைவெளியில் மாற்றம் தோன்றுகிறது என்பதை 1960-களில் ஹான், லீ என்னும் ஆய்வாளர்கள் கண்டனர். கோடு நேராகிவிடுவது நல்ல குறியன்று.

1987-இல் ராபர்ட் கிளைகர் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரின் துடிப்புகளை 24 மணிநேரம் பதிவு செய்து, பின்னர் சராசரியாக 31 மாதங்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். இடைவெளிகளின் திட்டவிலக்கம் 50 மில்லிவிநாடிக்குக் கீழ் இருந்தோருக்கு மரண அபாயம், 100-க்கு மேல் இருந்தோரைவிட 5.3 மடங்கு மிகுதியாக இருந்தது. 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி இவ்வளவீட்டுக்கு நெறிமுறை வகுத்தன. நலமுள்ளோரிடம் 24 மணிநேர அளவு சராசரியாக 141 மில்லிவிநாடி என்று அந்நெறிமுறை குறித்தது.

வயது ஏற ஏற இவ்வளவு குறைவது இயல்பு. புகைப்பழக்கம், மது, உறக்கக் குறைவு, காய்ச்சல், நெடுநாள் மனக்கவலை ஆகியவையும் இதனைக் குறைக்கின்றன. ஒழுங்கான உடற்பயிற்சி கூட்டுகிறது. உடலின் பல பகுதிகளிலும் நிகழ்வது நரம்பின் வழியாக இதயத்திற்கு எட்டுவதால், இவ்வளவு உடல்நலத்தின் பொதுக் குறியாகக் கொள்ளப்படுகிறது. எந்த நோய் என்று இது பெயர் சொல்லாது. கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கலாம் என்று மட்டுமே உணர்த்தும்.

ஓசையின்றி வரும் கேடு

மலேசியாவில் 2019-இல் நடைபெற்ற தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி, வயதுவந்தோருள் நீரிழிவு உடையோர் 18.3 விழுக்காட்டினர், இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பேச்சு வழக்கில் ‘இனிப்பு நீர்’ என்று சொல்லப்படும் இந்நோய், வரிசையில் நிற்கும் பத்துப் பக்தர்களுள் மூவரிடம் இருக்கக்கூடும் என்பதே இக்கணக்கின் பொருள்.

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் தாக்கும் என்பது பலரும் அறிந்தது. இதயத்தின் நரம்புகளையும் அது அரிக்கும் என்பதை அறிந்தோர் சிலரே. நீளமான நரம்புகளே முதலில் நலிவதால், வேகஸ் நரம்பு தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. அந்நிலையில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மூச்சுக்கு இசைந்து மாறும் துடிப்பு மெல்ல மெல்ல இயந்திர மேளமாகிறது, அவ்வளவே.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டேவிட் யூவிங் முதலிய மருத்துவர்கள் 1970-களிலும் 1980-களிலும் இதனை ஆராய்ந்து எளிய சோதனைகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, நோயாளியை நிமிடத்திற்கு ஆறு முறை ஆழ்ந்து மூச்சுவிடச் செய்து இ.சி.ஜி. எடுப்பதாகும். உள்மூச்சில் காணும் உயர்ந்த துடிப்பெண்ணுக்கும் வெளிமூச்சில் காணும் தாழ்ந்த துடிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நலம். 10 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்பது அவர்கள் கண்ட வரையறை. முதியோருக்கு வயதையும் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இந்நரம்புகள் நலிந்தவருக்கு மாரடைப்பே நேர்ந்தாலும் நெஞ்சுவலி தோன்றாமல் போகலாம். காரணமற்ற மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், திடீர்ச் சோர்வு ஆகியவையே அறிகுறிகளாக இருக்கும். வலி இல்லையே என்று வீட்டில் படுத்திருந்து காலம் கடத்துவது பேராபத்து. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்னும் அவசர எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

சந்நிதியில் கவனிக்க வேண்டியவை

திருவிழாக் காலத்தில் இவ்வுண்மை இன்னும் நெருங்கி வருகிறது. விரதமிருக்கும் நீரிழிவாளருக்கு இரத்தத்தில் சர்க்கரை தாழும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். உடல் தரும் எச்சரிக்கை அதுவே. நரம்பு நலிந்தவரிடம் அவ்வெச்சரிக்கை எழாமற்போகலாம். நேரே மயக்கமே வரலாம். அருள் வந்து ஆடுகிறார் என்று சுற்றியுள்ளோர் எண்ணிவிடவும் கூடும். சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் விரதத்தை நிறுத்தி உடனே இனிப்பு உட்கொள்ள வேண்டும். இறைவன் அதனைக் குற்றமாகக் கொள்ளமாட்டான்.

ஆகவே காவடி, பால்குடம் நேர்ந்துகொண்ட நீரிழிவாளர்கள் விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் சென்று மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைத்துக்கொள்வது கடமையாகும். உடன் நடப்போர் குளூக்கோஸ் மாத்திரையோ இனிப்புப் பானமோ கையில் வைத்திருக்க வேண்டும். காவடி எடுப்பவருக்கு நீரிழிவு உண்டு என்பது குழுவினருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை மறைப்பதில் பெருமை இல்லை.

விழுந்து வணங்கி எழும்போது தலை சுற்றுகிறதா, ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் நாடி 100-க்கு மேலேயே நிற்கிறதா என்பவற்றையும் கவனித்தல் நன்று. நரம்பு நலிவன்றி வேறு காரணங்களாலும் இவை வரலாம். காரணத்தைக் கண்டுசொல்வது மருத்துவரின் பணி. நீரிழிவு பல்லாண்டு உடையோர், படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பின்னும் இரத்த அழுத்தத்தை அளக்குமாறும், ஆழ்மூச்சுச் சோதனை தேவையா என்றும் அடுத்த பரிசோதனையின்போது கேட்கலாம். அவ்வாறு கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மூச்சும் மந்திரமும்

இனி ஒரு நற்செய்தி. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமுள்ள 23 பேரை, இலத்தீன் மொழியில் கத்தோலிக்க ஜெபமாலை வேண்டுதலையும், திபெத்திய பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாகத் தணிந்தது. துடிப்பின் ஏற்ற இறக்கமும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் மூச்சோடு இசைந்தன. இரத்த அழுத்தத்திற்கு ஏற்ப இதயம் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலும் கூடிற்று.

அந்த ஆறு என்னும் எண்ணுக்குக் காரணம் உண்டு. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் சொந்த அலை ஏறத்தாழ பத்து விநாடிக்கு ஒருமுறை எழுகிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றாக அமையும்போது இரண்டும் ஒன்றுகூடுகின்றன. ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளினால் அது உயர்வதைப் போன்றது இது. 2013-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நிகழ்ந்த ஆய்வில், ஒன்றாகச் சேர்ந்து பாடுவோரின் இதயத் துடிப்புகள் ஒன்றாகவே ஏறி இறங்குவது காணப்பட்டது. சேர்ந்து பாடும்போது சேர்ந்து மூச்சுவிடுவதே அதற்குக் காரணம்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை உள்ளிழுத்தலுக்கும் நிறுத்தலுக்கும் விடுதலுக்கும் அளவு வகுத்துள்ளார். உள்ளிழுக்க 16 மாத்திரை என்றால், விடுவதற்கு அதன் இருமடங்கான 32 மாத்திரை. அது முத்தி வேண்டும் யோகியருக்குக் குருமுகமாக உரைக்கப்பட்டது. இன்றைய ஆய்வு உடல்நலம் கருதியது. இரண்டின் நோக்கமும் வேறு. ஆயினும் மூச்சை மெல்ல நீட்டிவிடுதல் நலம் பயக்கும் என்பதில் இரண்டும் சந்திக்கின்றன.

இல்லத்தில் செய்யத்தக்க முறை எளிது. முதுகை நிமிர்த்தி அமர்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிட வேண்டும். அல்லது வெளிமூச்சில் பிரணவத்தையோ ஐந்தெழுத்தையோ ஆறெழுத்தையோ நீட்டி ஓதலாம். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உடையோர் மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகளைத் தாமே மேற்கொள்ளலாகாது. தலை கிறுகிறுத்தால் நிறுத்தி இயல்பாக மூச்சுவிட வேண்டும்.

இதனை மருந்துக்கு மாற்றாகக் கருதலாகாது. பெர்னார்டியின் ஆய்வு 23 பேரிடம் சிறுபொழுது நிகழ்ந்தது. ஆயுள் நீளும் என்று அது கூறவில்லை. நரம்பைக் காக்கும் முதல் வழி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உடைய 1,441 பேரிடம் நிகழ்ந்து 1993-இல் முடிவு வெளியான பேராய்வு, சர்க்கரையை உறுதியாகக் கட்டுப்படுத்தியோருக்கு நரம்புக் கேடு பெரிதும் குறைவதைக் காட்டியது. அதனுடன் வாரத்திற்கு 150 நிமிட விரைநடை, போதிய உறக்கம், புகையையும் மதுவையும் விலக்குதல் ஆகியவை சேர்தல் வேண்டும்.

கைக்கடிகாரம் காட்டும் எண்

இளையோர் பலர் இன்று இம்மாறுபாட்டை அளக்கும் கைக்கடிகாரங்களை அணிகின்றனர். தோலின்மேல் ஒளி பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அவை கணக்கிடுகின்றன. கை அசைந்தால் கணக்குப் பிழைபடும். உறக்கத்தில் எடுத்த அளவே ஓரளவு நம்பத்தக்கது. நண்பரின் எண்ணோடு தம் எண்ணை ஒப்பிட்டுக் கலங்குவது வீண். ஒருவருக்கு 30 இயல்பு, மற்றொருவருக்கு 70 இயல்பு. பல வாரங்களாகத் தமக்கு இருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

எண் மிகுதியாக இருப்பதெல்லாம் நலமும் அன்று. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோயிலும் எண் மிக உயர்ந்து காணும். அந்நோய் பக்கவாதத்திற்கு வழிவகுக்கக்கூடியது. நல்ல வாசிப்பில் வரும் நெகிழ்வு வேறு, தாளம் தப்புதல் வேறு. நாடி ஒழுங்கின்றித் துள்ளுவதாகத் தோன்றினால் இ.சி.ஜி. எடுத்தே தெளிய வேண்டும்.

பெருமக்களே! சற்று நேரத்தில் தீபாராதனை நிகழவிருக்கிறது. தவில் முழங்கும்போது ஒருகணம் மணிக்கட்டில் விரல் வைத்து, மெல்ல மூச்சை உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிட்டுப் பாருங்கள். உள்ளிருக்கும் மேளம் உங்கள் மூச்சுக்கு இசைந்து நடை மாறுவதைச் சிலர் விரலாலேயே உணரலாம். உணர இயலாதோர் அஞ்ச வேண்டியதில்லை. விரலுக்கு எட்டாத நுண்மையைக் கருவி காட்டும். ஆனால் நீரிழிவு உடையோர், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது இதய நரம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மறவாதீர்கள். அவ்வாறு கேட்குமாறு இல்லத்திலுள்ள தாய் தந்தையரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஊனுடம்பை ஆலயமாகக் கருதும் மரபில் வந்தவர்கள் அவ்வாலயத்தின் மேளத்திற்கும் செவிசாய்த்தல் முறையே. எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வும் நிறைந்த ஆயுளும் அருள்வானாக! வணக்கம்.

திருச்சிற்றம்பலம்